இரண்டு பேர் போகவேண்டிய வீடு

வீட்டுச் சாவியைக் கலாமணி பக்கத்து வீட்டில் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள். நாச்சிமுத்து அதை வாங்கிக் கதவைத் திறக்கும்போது மணி பத்தேமுக்கால். பன்னிரண்டுக்கெல்லாம் அவள் தன் புருஷன் தெய்வசிகாமணியைக் கூட்டிக்கொண்டு ஆட்டோவில் வந்து இறங்கிவிடுவாள். இருபத்தெட்டு நாள் மறுவாழ்வு மையத்தில் கிடந்துவிட்டு வருகிறவன். அவன் வாசற்படியை மிதிப்பதற்குள், இந்த வீட்டில் அவன் எங்கெங்கே பாட்டில் ஒளித்து வைத்திருக்கிறானோ அத்தனையையும் கண்டுபிடித்து எடுத்தாக வேண்டும். ஒன்று தப்பினாலும் இருபத்தெட்டு நாளும் வீண். பெண்டாட்டி தேடினால் கிடைக்காது, போலீஸ் வந்து தேடினாலும் கிடைக்காது. குடித்தவன் ஒளித்ததைக் குடித்தவன்தான் எடுப்பான். குடியை விட்டவர்கள் சேர்ந்து நடத்தும் அவர்கள் குழுவில் இது ஒரு வேலையாகவே இருந்தது. யார் மையத்திலிருந்து வீடு திரும்பினாலும் அன்று காலையில் குழுவிலிருந்து இரண்டு பேர் போய் வீட்டை அலசிவிட்டு வருவார்கள். இரண்டு பேர். ஒருத்தர் தனியாகப் போகவே கூடாது என்பது எழுதி வைக்காத சட்டம், அதைப் புதிதாக வருகிறவர்களுக்கெல்லாம் சொல்லிக்கொடுப்பவரே நாச்சிமுத்துதான். இன்றைக்குக் கூட வரவேண்டிய பேக்கரி அர்ச்சுனன் மச்சினன் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில் மாட்டிக்கொண்டார். போனில் நாதஸ்வரத்துக்கு மேலே கத்தினார். "அஞ்சே நிமிசமுங்ணா, எலையில உக்காந்துட்டன், சாப்புட்டதும் பறந்து வந்தர்றன்." பந்தியில் உட்கார்ந்தவன் பறந்து வந்ததாக எந்த ஊரில் உண்டு. சரி, ஒரு பத்து நிமிஷம் வெளியிலேயே நிற்கலாம் என்று நாச்சிமுத்து நினைத்தார், பக்கத்து வீட்டுப் பெண் அவரை மேலும் கீழும் பார்த்தாள், வெயில் வேறு மண்டையைப் பிளந்தது. குடியை விட்டுப் பதினோரு வருஷம் ஆயிற்று, இன்னும் நமக்குக் காவல் எதற்கு என்று செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனார்.

வரிசையாகக் கட்டிய லைன் வீடுகளில் கடைசி வீடு. முன்னறையில் இரண்டு பவர்டேபிள் தையல் மெஷின், ஒரு மூலையில் கட்டிப் போட்ட பனியன் வேஸ்ட் துணி மூட்டை, அதற்குப் பின்னால் சமையல்கட்டு, ஒரு படுக்கையறை, வெளியே குளியலறை. தெய்வசிகாமணி கம்பெனிகளிலிருந்து துணி வாங்கி வந்து வீட்டிலேயே தைத்துக் கொடுக்கிறவன். நாச்சிமுத்துவும் இதே தொழில்தான், ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டர். அதனால் இந்த வீடு அவருக்குப் புதிதாகத் தெரியவில்லை. துணித்தூசி நாற்றம், மெஷின் எண்ணெய் நாற்றம், சுவரில் பழைய காலண்டர். அறை நடுவில் நின்று கண்ணை மூடிக்கொண்டார். தேடுகிறவன் போலத் தேடக்கூடாது, ஒளிக்கிறவன் போல நிற்க வேண்டும். கையில் பாட்டில் இருக்கிறது, இடுப்பில் வேட்டிக்குள் சில்லென்று இருக்கிறது, அவள் அடுப்படியில் இருக்கிறாள், சட்டி சத்தம் கேட்கிறது, சத்தம் நிற்பதற்குள் வைக்க வேண்டும், எங்கே. கால் தானாக வேஸ்ட் மூட்டைக்குப் போயிற்று. கையை விட்டால் முழங்கை ஆழத்தில் கண்ணாடி தட்டுப்பட்டது. ஒரு குவாட்டர், சீல் உடைக்காதது. எடுத்து மெஷின் மேல் வைத்தார், சந்தோஷம் ஒன்றும் வரவில்லை. இது கிடைப்பதற்கென்றே வைத்தது. குடிக்கிறவன் ஒவ்வொருத்தனும் இப்படி ஒன்றை வைப்பான், பெண்டாட்டி தேடிக் கண்டுபிடித்துக் கத்தி அழுது ஊற்றிவிட்டு, அப்பாடா ஒழிந்தது என்று தேடுவதை நிறுத்திவிட வேண்டும், அதற்காக. அவர் பெண்டாட்டி சுலோச்சனா அப்படி எத்தனை பாட்டிலை ஊற்றியிருப்பாள். ஊற்றிவிட்டு அன்றைக்கு முழுக்க ஒரு நிம்மதியோடு நடப்பாளே, பாட்டுக்கூட முணுமுணுப்பாளே, அதைப் பார்த்துக்கொண்டு நான் உள்ளுக்குள் சிரித்திருக்கிறேனே, என்ன மனுஷன் நான். இந்த எண்ணம் வந்தால் வழக்கமாகக் கொஞ்ச நேரம் நிற்கும், இன்றைக்கு நிற்க நேரமில்லை என்று மெஷின் பக்கம் திரும்பினார்.

மெஷின் தலையைப் பின்னால் சாய்த்தால் அடியில் எண்ணெய்த் தட்டு இருக்கும். முதல் மெஷினில் எண்ணெயும் நூல் பிசிறும் மட்டும். இரண்டாவதைச் சாய்த்தபோது தட்டில் எண்ணெய்க்குள் சாவகாசமாகப் படுத்திருந்தது ஒரு பாட்டில், பாலித்தீன் சுற்றி ரப்பர் பேண்டு போட்டு. கெட்டிக்காரன். தையல்காரன் புத்தி. தைத்துக்கொண்டே நூல் அறுந்த மாதிரி குனிந்து ஒரு வாய். நாச்சிமுத்துக்குத் தன்னையறியாமல் ஒரு பாராட்டு வந்தது, ஒரு நல்ல தையலைப் பார்த்தால் வருமே அது மாதிரி, பிறகு அப்படி வந்ததே பிடிக்கவில்லை. நான் எங்கே வைத்தேன். ஃபிளஷ் டேங்கில் வைத்தேன், லேபிள் உரிந்து மிதந்து தண்ணீர் அடைத்துக்கொண்டது, பிளம்பர் வந்து எடுத்துச் சுலோச்சனா கையில் கொடுத்தான். கேஸ் சிலிண்டர் அடி வளையத்துக்குள் வைத்தேன். குடைக்குள் வைத்தேன். பிறகு அந்த ஒன்று. அதை எங்கே வைத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் முழுக்கத் தேடினார், அலமாரியைக் கவிழ்த்தார், அரிசியைத் தரையில் கொட்டினார், நீதான் எடுத்தாய் என்று சுலோச்சனாவின் கையை முறுக்கினார், வளையல் உடைந்து மணிக்கட்டில் கிழித்தது. அவள் எடுக்கவில்லை. அது அவருக்குப் பிற்பாடு தெரியும், அப்போதே தெரியும். வைத்தது அவர், மறந்ததும் அவர். கடைசிவரை அது கிடைக்கவே இல்லை. அந்த வீட்டைக் காலி செய்துவிட்டு வந்து ஒன்பது வருஷமாகிறது, அங்கே இப்போது யாரோ குடியிருக்கிறார்கள், அது எங்கோ ஒரு இடுக்கில் கிடக்கிறது. குடியை விட்ட பிறகும் அவர் கை சில சமயம் தானாக அலமாரிக்குப் பின்னால் போய்த் துழாவிவிட்டு வரும். குடிக்க அல்ல. எங்கே வைத்தேன் என்று தெரிந்துவிட்டால் போதும். அடுத்த வீடுகளுக்கு இப்படி ஓடி ஓடிப் போகிறோமே, சேவை சேவை என்று சொல்லிக்கொள்கிறோமே, அந்த ஒன்றைத் தேடித்தானோ என்று ஒரு நினைப்பு வந்தது. சீ, எப்படிப் போகிறது புத்தி. கையில் ஒட்டிய மெஷின் எண்ணெயை வேஸ்ட் துணியில் துடைத்துவிட்டு மணி பார்த்தார். பதினொன்று பத்து.

அரிசி டிரம், பருப்பு டப்பாக்கள், பரண் மேலே கிடந்த பழைய சூட்கேஸ், கட்டிலுக்கடியில் நூல் கோன் பெட்டி, எதிலும் இல்லை. அர்ச்சுனனுக்குப் போன் போட்டார், மணி அடித்து அடித்து ஓய்ந்தது. வியர்வையைத் துடைத்துக்கொண்டு கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார். இரண்டோடு நிறுத்துகிறவன் இல்லை இவன். நாலு ஞாயிறு மையத்துக்குப் போய் இவன் எதிரில் உட்கார்ந்திருக்கிறாரே, தெரியும். அந்த நாலு ஞாயிறும் தெய்வசிகாமணி மொத்தமாகப் பேசியது நாலு வார்த்தை இருக்குமா. நாச்சிமுத்து தன் கதையைச் சொல்வார். கம்பெனியில் குடித்துவிட்டு வெட்டுவதற்கு அடுக்கி விரித்த ஒரு லே துணியையே தப்பாக வெட்டியது, முதலாளி காலில் விழுந்தது, மகள் கல்யாணத்தில் மேடை ஏறக்கூடாது என்று சொந்தக்காரர்கள் மண்டப வாசலில் நிறுத்தியது. இந்தக் கதைக்கு அழாதவர்கள் குறைவு. மண்டப வாசல் வரும்போது குரலைக் கொஞ்சம் தாழ்த்த வேண்டும், அங்கே ஒரு மூச்சு விட வேண்டும், எதிரில் இருக்கிறவன் கண் கலங்கும். தெய்வசிகாமணி கலங்கவில்லை. சுவரையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மூன்றாவது ஞாயிறு, "பேசிட்டீங்களாண்ணா? எனக்குக் காது வலிக்குது" என்றான். மரியாதையாகத்தான் சொன்னான். வீட்டுக்கு வரும் வழியெல்லாம் நாச்சிமுத்துக்கு ஆத்திரம். நன்றி கெட்டவன், தன் நல்லதுக்குத்தானே. பிறகுதான் உறைத்தது, அவன் சொன்னதில் தப்பில்லை. பதினோரு வருஷமாகச் சொல்லிச் சொல்லி அந்தக் கதை வழவழவென்று ஆகிவிட்டது. அதில் அவருக்கே இப்போது வலி இல்லை. மண்டப வாசலில் நின்றவன் யாரோ, அவனைப் பற்றி இவர் நன்றாகப் பேசுகிறார், அவ்வளவுதான். ஆனாலும் வாயைத் திறக்காதவன் பிழைத்ததில்லை. குழுவில் வந்து மௌனமாக உட்கார்ந்து மௌனமாகப் போனவர்களில் மூன்று பேர் சாவுக்கு அவரே மாலை வாங்கிக்கொண்டு போயிருக்கிறார். கலாமணி நேற்று போனில் கேட்டாள். "இந்தத் தடவ செரியாப் போயிருமுங்களாண்ணா?" போய்விடும் அம்மிணி என்று சொல்லிவிட்டார், எதை வைத்துச் சொன்னாரோ. அவனைப் பேச வைக்க முடியவில்லை, பாட்டிலையாவது எடுத்துவிடலாம் என்று எழுந்தார்.

சமையல்கட்டுச் சுவரில் சாமி அலமாரி. மூன்று படம், பித்தளை விளக்கு, திரிக்கட்டு, கற்பூர டப்பி, ஓரமாக இரண்டு பிளாஸ்டிக் பாட்டிலில் விளக்குக்கு நல்லெண்ணெய். அதைக் கடந்து போய்விட்டுத் திரும்பி வந்தார். ஒரு விளக்குக்கு எதற்கு இரண்டு பாட்டில். ஒன்று முன்னால், பிசுபிசுவென்று தூசி ஒட்டி, பாதி தீர்ந்து. இன்னொன்று படத்துக்குப் பின்னால், துடைத்து வைத்த மாதிரி சுத்தமாக. நிறம் ஒன்றேபோல்தான் இருந்தது. எடுத்து வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். எண்ணெய் என்றால் சுவரோடு ஒட்டி மெதுவாக வழியும். இது வேகமாக ஓடுகிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது, பாட்டில் உள்ளே பழைய எண்ணெய்ப் பிசுக்கு இருந்ததால் தெளிவாகத் தெரியவில்லை. சந்தேகம் என்றால் திறந்து பார்க்க வேண்டும். திறக்கிறவன் தள்ளி நிற்க வேண்டும், கூட வந்தவன் முகர்ந்து பார்த்துச் சொல்ல வேண்டும், ஒருவன் முகம் மாறுவதை மற்றவன் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அதற்குத்தான் இரண்டு பேர். இதை அவரே எத்தனை பேருக்குச் சொல்லியிருக்கிறார். அர்ச்சுனன் பந்தியில் பாயசம் சாப்பிட்டுக்கொண்டிருப்பார். அப்படியே தூக்கிச் சாக்கடையில் ஊற்றிவிடலாமே, எண்ணெயாக இருந்தால்தான் என்ன. ஆனால் சாமி விளக்கு எண்ணெய், கலாமணி வந்து கேட்டால், எண்ணெயைப் போய் ஏனுங்ணா என்று கேட்டால். இப்படி அற்பமாக ஒரு காரணம் போதுமாக இருந்தது. மூடியைத் திருகினார்.

பிராந்தி. மூக்கு சொல்வதற்கு முன்னால் தாடைக்குள் எச்சில் ஊறிவிட்டது. பதினோரு வருஷம் என்று ஒன்று நடுவில் கிடந்ததே, அது எங்கே போயிற்று என்றே தெரியவில்லை. அந்த வாசனைக்கு நேற்றுக்கும் இன்றைக்கும் வித்தியாசம் தெரியாதோ. கெட்ட வாசனை, நன்றாகவே தெரிகிறது, மட்டமான சரக்கு, எண்ணெய்ச் சிக்கு வேறு கலந்திருக்கிறது, அவனே மூக்கைப் பிடித்துக்கொண்டுதான் குடித்திருப்பான். ஆனால் தொண்டைக்குக் கீழே ஒரு இடம் திறந்துகொண்டு காத்திருந்தது. அவர் குடிக்கப் போவதில்லை. அது நிச்சயம். நிச்சயமாக இருக்கும்போது பாட்டிலை ஏன் இன்னும் கையில் வைத்திருக்கிறோம் என்பதுதான் புரியவில்லை. கீழே வை. வைக்கலாம், வைத்தால் சாய்ந்துவிடும், மூடியைப் போட வேண்டும், மூடி இடது கையில் இருக்கிறது, மூடிக்குள் நாலு சொட்டு நிற்கிறது. நாலு சொட்டு. இது குடியே அல்ல, இருமல் மருந்தில் இதைவிட அதிகம். எப்படியும் ஊற்றத்தான் போகிறோம், ஊற்றும்போது கையில் படத்தான் செய்யும், கை வாய்க்குப் போவது புதிதா, யாருக்குத் தெரியும். அவனுக்குத் தெரியும். குடிக்கிறவனுக்குத் தன் பாட்டிலின் மட்டம் நூல் பிசகாமல் தெரியும், இருபத்தெட்டு நாள் ஆனாலும் தெரியும். ஆனால் ஊற்றிவிட்டால் மட்டம் ஏது. பார், எவ்வளவு சுலபமாகக் கணக்குப் போடுகிறது. இந்தக் குரல் செத்துவிட்டதாக அல்லவா நினைத்தோம், வியாழக்கிழமைதோறும் குழு கூடும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்து அதற்குக் கருமாதி செய்துகொண்டிருந்தோம், அது உள்ளே உட்கார்ந்து நன்றாகச் சாப்பிட்டுக்கொண்டு உடம்பைத் தேற்றி வைத்திருக்கிறது. மூடியைக் கவிழ்த்துப் பாட்டிலில் போட்டார். அந்த நாலு சொட்டும் ஆள்காட்டி விரலில் வழிந்து இறங்கிற்று.

பாட்டிலை எப்படிக் கீழே வைத்தார் என்று பிறகு எவ்வளவு யோசித்தும் ஞாபகம் வரவில்லை. விரல்தான் ஞாபகம் இருந்தது. விரலை உடம்பிலிருந்து தள்ளிப் பிடித்துக்கொண்டு, சுட்டுக்கொண்டவர் மாதிரி, முன்னறையைக் கடந்து போனார். வேட்டியில் துடைக்கக் கூடாது, துடைத்தால் வேட்டியில் இருக்கும். நாக்கில் வைத்தால் ஒரு நொடி. பதினோரு வருஷம் ஒரு பக்கம், ஒரு விரல் ஒரு பக்கம். சுலோச்சனா இன்றைக்குக் காலையில் தோசை சுட்டுப் போட்டாள், எப்ப வருவீங்க என்று கேட்டாள், முன்பெல்லாம் அப்படிக் கேட்க மாட்டாள், கேட்டு என்ன பிரயோஜனம். இரண்டு மணிக்கு வந்துடுவேன் என்று சொன்னார். சொன்னால் வருகிற மனுஷன் என்று அவள் நம்ப ஆறு வருஷம் ஆயிற்று. ஆறு வருஷம் அவர் வரும் நேரத்துக்கு அவள் வாசலுக்கு வந்து முதலில் நடையைப் பார்ப்பாள், பிறகுதான் முகத்தை. இன்றைக்கு வாசலுக்கு வரமாட்டாள், நம்பி உள்ளேயே இருப்பாள், அதுதான் பயமாக இருந்தது. வாசலுக்கு வெளியே தண்ணீர்க் குழாய், அதன் பக்கத்தில் துவைக்கிற கல். குழாயை வலது கையால் திறந்து விரலைக் காட்டினார். துணி சோப்புத் துண்டு ஒன்று கிடந்தது, அதைப் போட்டுத் தேய்த்தார், கல்லில் வைத்துத் தேய்த்தார், தோல் எரிந்தது. முகர்ந்து பார்க்கலாமா, போய்விட்டதா என்று பார்க்க. முகரக்கூடாது. போய்விட்டதா என்று தெரிய வேண்டாமா. முகர்வதற்கு இது ஒரு காரணம், அவ்வளவுதான். விரலை முஷ்டிக்குள் மடக்கிக்கொண்டு அந்தக் கல்லின் மேலேயே உட்கார்ந்துவிட்டார்.  

யாரையாவது கூப்பிட வேண்டும். இது குழுவில் முதல் நாள் சொல்லிக்கொடுப்பது, கை பாட்டிலுக்குப் போவதற்கு முன்னால் போனுக்குப் போகட்டும். அர்ச்சுனன் எடுக்கவில்லை. மறுபடி போட்டார், எடுக்கவில்லை, நாசமாய்ப் போகிற பாயசம். சாயப்பட்டறை முத்துக்குமார் வேலை நேரத்தில் போனை வாட்ச்மேனிடம் கொடுத்துவிடுவான். இவரைக் கைப்பிடித்துக் கரையேற்றிய பெரியவர் போய்ச் சேர்ந்து இரண்டு வருஷமாகிறது, அவர் நம்பரை அழிக்க மனசில்லாமல் வைத்திருக்கிறார். மற்றவர்கள் எல்லாம் இவரைக் கூப்பிடுகிறவர்கள். இவர் பேரைத்தான் பர்ஸில் எழுதி வைத்திருக்கிறார்கள். அவர்களைக் கூப்பிட்டு என்ன சொல்வது, நாச்சிமுத்து பேசறேன், விரலை என்ன செய்வதென்று தெரியவில்லை என்றா. வெட்கமாக இருந்தது. வெட்கத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தால் உள்ளே போய்விடுவோம் என்றும் தெரிந்தது, கதவு திறந்துதான் கிடந்தது, பத்தடி. போனில் கடைசியாக வந்த நம்பர் கலாமணியுடையது. அழுத்திவிட்டார்.

"வந்துட்டே இருக்கறமுங்ணா, பஸ் ஸ்டாண்டு தாண்டிட்டம்" என்றாள் கலாமணி. ஆட்டோ இரைச்சல். "எல்லாம் பாத்துட்டீங்களா?"

"அம்மிணி, தம்பிகிட்டக் குடு."

போன் கை மாறியது. மூச்சு மட்டும் கேட்டது. அவன்தான்.

"தம்பி, நாச்சிமுத்து பேசறன். உம்பட ஊட்லதான் இருக்கறன். அர்ச்சுனன் வரல, நாந்தான் அறிவுகெட்டுத் தனியா வந்துட்டன். சாமி அலமாரில இருந்ததத் தொறந்துட்டன்."

மடக்கிய முஷ்டியை மடியில் வைத்து அழுத்திக்கொண்டார்.

"குடிக்கல. வெரல்ல பட்டிருச்சு. கழுவிட்டன். ஆனா மறுபடியும் உள்ள போயிருவனோன்னு இருக்குது, தம்பி. எனக்கு இப்பப் பேச ஆள் வேணும். வேற யாரும் எடுக்கல. நீ எதாச்சும் பேசு."

இப்படிக் கதையில்லாமல் அவர் பேசிப் பல வருஷம் ஆகியிருக்கும். குரலைத் தாழ்த்தவில்லை, அதுவே உடைந்து தாழ்ந்தது. இப்போது அவன் காது வலிக்கிறது என்பான், வைத்துவிடுவான், வைத்தால் வைக்கட்டும். இருபத்தெட்டு நாள் ஆன ஒருத்தன் காதில் வாசல் வரைக்கும் வந்த பிறகு இதைப் போட்டோமே, அவனையும் சேர்த்துக் கவிழ்த்துவிட்டோமே, கலாமணி முகத்தில் எப்படி விழிப்பது என்று அடுத்த பயம் கிளம்பியது.

"இப்ப எங்கீங்ணா இருக்கறீங்க?" என்றான் தெய்வசிகாமணி.

"வெளீல. துவைக்கற கல்லு மேல."

 "அதுல இருந்து எந்திரிங்க மொதல்ல" என்றான். "அதுக்கடியில ஒண்ணு கெடக்குது."

நாச்சிமுத்து துள்ளி எழுந்தார். ஆட்டோவுக்குள் கலாமணி என்னவோ சொன்னாள், சொன்னது கேட்கவில்லை, தொனி கேட்டது. அவன் அவளுக்குப் பதில் சொன்னான், போனை மூடிக்கொள்ளாமலே சொன்னான். "ஆமா, நீ தெனமும் அது மேலதான் துணி அடிக்கற. பின்பக்கம் ஒரு செங்கல்லு உருவிட்டு வெச்சிருக்கறன்." பிறகு இவரிடம், "ரோட்டுக்கு வாங்க. நடு ரோட்டுல நில்லுங்க. அங்க நான் ஒண்ணும் வெக்கல." நாச்சிமுத்துக்குச் சிரிப்பு வந்துவிட்டது, சிரிப்புதானா என்று சொல்ல முடியாத ஒன்று, கண்ணில் தண்ணீர் வந்தது. செருப்புக்கூடப் போடாமல் தார்ரோட்டில் போய் நின்றார். உள்ளங்கால் சுட்டது, அது நல்லதாக இருந்தது. "வந்துட்டன். பேசு." "என்னத்தைங் பேசறது?" "எதையாச்சும். காலைல என்ன போட்டாங்க அங்க?" "உப்புமா. அது உப்புமாவாங்ணா, சொவத்துக்குப் பூசலாம். எம்பட பக்கத்துப் படுக்கைல ஒரு கண்டக்டரு, தூக்கத்துல விசிலடிப்பாரு, நாங்க அத்தன பேரும் முழிச்சுக்குவம்." "அப்பறம்?" "அப்பறம் என்னங், தெனமும் டாக்டரு வருவாரு, எப்படி இருக்குதும்பாரு, நல்லா இருக்குதும்பன். நல்லால்லீங்ணா. ஒரு நாளும் நல்லால்ல. நீங்க வந்து அந்தக் கதையச் சொல்லறப்பெல்லாம் இவரு நல்லாயிட்டாரு, நமக்கு ஆவாதுன்னுதான் தோணும். அதான் காது வலிக்குதுன்னன்." நாச்சிமுத்து ம் என்றார். இந்த நாலு ஞாயிறும் அவன் சொன்ன அதே ம். இப்போது இவர் முறை. அவன் நிறுத்தவில்லை. "அந்தச் சாமி அலமாரிப் பாட்டில் இருக்குதுங்களே. காலைல இவ வெளக்குப் போடறக்கு முந்தி நாம்போயி நின்னுக்குவன், கும்புடற மாதிரி. தெனமும். எனக்கு பக்தி வந்துருச்சுன்னு இவ அவங்கம்மாகிட்டச் சொல்லிச் சந்தோசப்பட்டுட்டா. அவங்களும் பழனிக்கு வேண்டிக்கிட்டாங்க. ஒரு நா இவ அந்தப் பாட்டில எடுத்து வெளக்குல ஊத்தப் போயிட்டா, நான் புடுங்கி, கெட்டுப்போன எண்ணைன்னு கத்துனன். சாமிக்குக் கெட்டுப்போன எண்ணையா ஊத்தறன்னு கையோங்கிட்டனுங்ணா, அவ மன்னிச்சுக்கங்கன்னா. எங்கிட்ட. அவ எங்கிட்ட மன்னிப்புக் கேட்டா."  ஆட்டோ இரைச்சல் மட்டும் கொஞ்ச தூரம் ஓடியது. அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குச் சொல்வதற்குத்தான் இவரிடம் சொல்கிறான் என்று நாச்சிமுத்துக்குத் தெரிந்தது.  சொல்லு தம்பி, கேட்டுட்டிருக்கறன் என்று மட்டும் சொன்னார்.

ஆட்டோ தெருமுனையில் திரும்பியது. நடு ரோட்டில் ஒரு ஆள் செருப்பில்லாமல் நிற்பதைப் பார்த்து டிரைவர் ஹாரன் அடித்து, பிறகு ஓரமாக நிறுத்தினான். கலாமணிதான் முதலில் இறங்கினாள். முகம் வீங்கியிருந்தது. நாச்சிமுத்துவைப் பார்த்தாள், அவருடைய நடையை அல்ல, கையை அல்ல, முகத்தைப் பார்த்தாள், பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு உள்ளே போனாள். போகிற வழியில் துவைக்கிற கல்லுக்குப் பின்னால் குனிந்து செங்கல்லை உருவி அங்கிருந்த பாட்டிலையும் எடுத்துக்கொண்டாள். கொஞ்ச நேரத்தில் குளியலறையில் எல்லாப் பாட்டிலையும் ஊற்றி வாளி வாளியாகத் தண்ணீர் அடிக்கிற சத்தம் கேட்டது. ஆண்கள் இரண்டு பேரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தெய்வசிகாமணி மடியில் துணிப்பையோடு ஆட்டோவிலேயே உட்கார்ந்திருந்தான், மெலிந்து, முடி வெட்டி, கலாமணியின் போன் காதில். பிறகு இறங்கி வந்து நாலடி தள்ளி நின்றான். கன்னம் நனைந்திருந்தது. "அப்பறம், அந்த எண்ணெய்த் தட்டு பாட்டிலு எடுத்துட்டீங்களா?" என்று போனில் கேட்டான். "அது எடுத்துட்டன்" என்று நாச்சிமுத்து போனில் சொன்னார். "நீ பேசிட்டே இரு." அவன் பேசிக்கொண்டே இருந்தான். டிரைவர் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு வண்டியைத் திருப்பிக்கொண்டு போனான். தண்ணீர்ச் சத்தம் நிற்கும்வரை அவர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டு நின்றார்கள், இரண்டு பேரும் போனை வைக்கவில்லை.